கேட்காமலே எழுந்து கொடுத்த சீட்டு

யாரும் கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கேட்டிருந்தால், வயசானவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார், என்ன செய்வது என்று மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த மனிதர் விமானத்துக்குள் ஏறி, நடைபாதையில் நின்று, கையிலிருந்த போர்டிங் பாஸை எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டுதான் இருந்தார். அதற்குள் என் வீட்டுக்காரன் அமல் எழுந்துவிட்டான்.

புருஷனை அவன் இவன் என்று எழுதுகிறாளே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நேரில் இரண்டு பேருமே வாங்க போங்கதான். எழுதும்போதாவது என் இஷ்டப்படி எழுதிக்கொள்கிறேன்.

அந்த இரண்டு சீட்டையும் நான் எப்படிப் பிடித்தேன் என்று சொல்லியாக வேண்டும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் எனக்கு நர்ஸ் வேலை. கள்ளக்குறிச்சியில் குடியிருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் மலை ஏறி இறங்குவேன். அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடைப்பது நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு பாறைமேல் மட்டும்தான். ஒரு நாள் மதியம் சோற்றை மூடி வைத்துவிட்டு அந்தப் பாறைமேல் முக்கால் மணி நேரம் நின்று, சென்னையிலிருந்து மஸ்கட் போகும் விமானத்தில் பன்னிரண்டாவது வரிசையில் பி, சி என்று பக்கத்துப் பக்கத்துச் சீட்டாக இரண்டு பிடித்தேன். ஜன்னல் சீட்டு ஏற்கெனவே போய்விட்டது. போகட்டும், எனக்கு மேகம் பார்க்கிற ஆசை எல்லாம் இல்லை.

எனக்கு ஆசை வேறு. என் மகள் ஜெனிக்கு அப்போது எட்டு மாதம். அமல் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவள் பிறந்தபோது அவன் அங்கே இருந்தான். எங்களைக் கூட்டிப்போக லீவில் வந்த இருபத்தாறு நாள்தான் அவளுக்கு அப்பன். முதல் வாரம் அவன் தூக்கினாலே வீறிட்டு அழுதாள். மூன்றாவது வாரம் போனால் போகிறது என்று அவன் தோளில் சாய்ந்தாள். நாலு மணி நேரப் பயணம். விமானம் ஏறும்போது குழந்தைக்குக் காது அடைக்கும், அப்போது பால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் யாரோ உட்கார்ந்திருந்தாலும் மறுபக்கம் என் புருஷன் இருப்பான், மறைப்புக்குத் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்வான், பால் குடித்ததும் வாங்கித் தட்டிக் கொடுப்பான். நான் கேட்டது அவ்வளவுதான். நாலு மணி நேரம் என் புருஷன் என் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வந்தவர் தீனதயாளன். வடக்கனந்தல் பக்கம் கரும்பு போட்டிருக்கிற காட்டில் பாதி அவர் காடு. என் மாமனார் சேவியர்ராஜ் முப்பது வருஷம் அந்தக் காட்டில் கரும்பு வெட்டினார். அந்த ஊர் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. தீனதயாளன் ஏறினால் என் மாமனார் தெரு ஆள் யாராவது எழுந்துவிட வேண்டும். வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அவரும் எழுந்திரு என்று சொன்னதில்லை. அவர் செருப்பு படிக்கட்டில் படுகிற சத்தத்துக்கே எழுந்துவிடுவார்கள். எனக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள் பார்த்தேன். என் மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மாதம்கூட ஆகவில்லை. அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வடக்கனந்தல் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். நான் கேட்டதற்கு, "பழகிப்போச்சும்மா" என்றார்.

அன்றைக்கு ராத்திரி போனில் அமலிடம் சொல்லிக் கத்தினேன். "அதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சு. இங்க பாகிஸ்தான்காரன், மலையாளத்தான், எல்லாரும் ஒரே தட்டுல கை வெச்சி துன்னுக்கினு இருக்கோம்" என்றான். நான் அதை நம்பினேன்.

நம்பினவள் கண் எதிரிலேயே எழுந்தான். எழுந்த வேகத்தில் மேலே பெட்டி வைக்கிற தட்டில் தலை இடித்தது. அதைத் தடவிக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"ஐயா, வாங்க. இப்படி உக்காருங்க."

தீனதயாளன் கண்ணாடி இல்லாத கண்ணால் அவனைப் பார்த்தார். "யாரு, சேவியர் மவனா? நீ இன்னாடா இங்க?"

"மஸ்கட்லதான் வேல ஐயா. குடும்பத்தக் கூட்டிக்கினு போறேன்."

"எம்பொண்ணு ரம்யா அங்கதான் கீறா. முழுகாம இருக்கா. ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு கெளம்பனேன்."

சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, காலை நடைபாதைப் பக்கம் நீட்டி, சொந்த வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். போர்டிங் பாஸை மட்டும் அமலிடம் நீட்டினார். அவருடைய சீட்டு பதினெட்டு ஈ. மூன்று சீட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிற சீட்டு. நான் அமலின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பெரியவரு" என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் பின்னால் போய்விட்டான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டான்.

ஜன்னல் பக்கம் இருந்த பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். நடுவில் நான், மடியில் குழந்தை, இந்தப் பக்கம் தீனதயாளன். விமானம் ஓட ஆரம்பித்ததுமே ஜெனி சிணுங்கினாள். மேலே கிளம்பியதும் காதைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பால் கொடுத்தால் நிறுத்துவாள். எனக்குத் தெரியும், எத்தனை தாய்மார்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் துணியைப் பிடித்து மறைத்துக்கொண்டு, அந்த மனிதரின் முழங்கை என் விலாவில் இடிக்க, நான் எப்படிக் கொடுப்பேன்.

"பசி போல கீது. குடேம்மா. நான் இன்னா பாக்கவா போறேன்" என்றார்.

அப்படிச் சொன்னதற்கே அவரை அறையலாம் போல இருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினேன். அவள் அழுகையில் எனக்கே மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. அவர் அதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் விசாரிக்க ஆரம்பித்தார்.

"நீ எந்தூரு பொண்ணு?"

"கள்ளக்குறிச்சி."

"அப்பா இன்னா பண்றாரு?"

"போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆயிட்டாரு."

"ஓ." அந்த ஓவில் எதையோ அளந்து பார்த்தார். "உன் மாமனாரு நம்ம காட்டுலதான் கெடந்தான். நல்ல ஆளு. சொன்ன வேலைக்கு மறு பேச்சு பேச மாட்டான். பையனையும் அப்படியே வளத்து வெச்சிக்கீறான்."

என் மாமனாரை ஒருமையில் சொன்னது, அமலை மெச்சியது, இரண்டில் எது அதிகமாக எரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்ததும் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, நீங்க உங்க சீட்டுக்குப் போங்க. கொழந்தைக்கு அவரு பக்கத்துல இருக்கணும். எனக்கும் இருக்கணும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். "நானா வந்து கேட்டேன்? அவனா எந்திரிச்சி குடுத்தான். அவன வந்து கேக்கச் சொல்லு, எந்திரிச்சிக்கிறேன்."

அமல் கேட்கமாட்டான் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது தெரிந்துதான் சிரித்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். வழிவிடுவதற்கு அவர் காலை மட்டும் கொஞ்சம் மடக்கினார். அவர் முழங்காலை உரசிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

பதினெட்டாவது வரிசையில் இரண்டு பேருக்கு நடுவில் அமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓரத்தில் ஒரு வடநாட்டுப் பெண், மடியில் அவளுக்கும் ஒரு கைக்குழந்தை. அமல் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"போயி உங்க சீட்டக் கேளுங்க" என்றேன்.

"எப்படிங்க கேக்கறது? நானே குடுத்துட்டு நானே எந்திரிங்கன்னு சொல்றதா?"

"ஆமா. அப்படித்தான் சொல்லணும்."

"அவரு வயசானவரு."

"உங்கப்பா வயசானவரு இல்லியா? அவருக்கு எவன் எந்திரிச்சான்?"

நான் அவனைத் தாண்டிப் பின்கோடிக்குப் போனேன். அங்கே இருந்த ஏர் ஹோஸ்டஸ் பெண்ணின் சட்டையில் எழில்மதி என்று பெயர் இருந்தது. தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஒன்றும் கேட்காமல் திரையை இழுத்துவிட்டு, தான் உட்காருகிற மடக்கு சீட்டைப் பிரித்துக் கொடுத்தாள். பதினைந்து நிமிஷம் அங்கே உட்கார்ந்து பால் கொடுத்தேன். ஜெனி விம்மி விம்மிக் குடித்தாள். கொடுத்துக்கொண்டே நடந்ததை எல்லாம் எழில்மதியிடம் சொன்னேன். ஊர், பஸ், கரும்பு எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் போய் அந்தப் பெரியவர்கிட்ட சொல்றேன் மேடம். அவரவர் சீட்டுலதான் உட்காரணும்" என்றாள்.

எனக்குள் எழுந்திருந்த கோபத்துக்கு அது தோதாக இல்லை. இவள் போய் எழுப்பிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். தீனதயாளன் பின்னால் வருவார். அமல் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து வைத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போவான். நாளைக்கு மஸ்கட்டில் ஒரு கடையில் அவர் எதிரே வந்தால் மறுபடியும் எழுந்து நிற்பான். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே வளருவாள். வேண்டாம் என்றேன்.

"நான் கொழந்தையோட அவரு சீட்டுல, பதினெட்டுல உக்காந்துக்கிறேன். எங்க வீட்டுக்காரரு இங்க எங்கியாவது உக்காரட்டும்."

"அது முடியாது மேடம். அந்த வரிசையில அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கைக்குழந்தை இருக்கு. மூணு சீட்டுக்கு நாலு ஆக்ஸிஜன் மாஸ்க்தான். அதனால ஒரு பக்கத்துக்கு ஒரு குழந்தைதான் வைக்கலாம். உங்க குழந்தை பன்னெண்டாவது வரிசையிலதான் இருக்கணும்."

"கொழந்தை இருக்கணும். நான் இருக்கணுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அம்மாவோ அப்பாவோ, ஒருத்தர் வெச்சிருந்தா போதும்."

எனக்கு அந்த நிமிஷம் உடம்பு முழுக்க ஒரு தெம்பு வந்தது. நல்ல தெம்பு என்று சொல்ல மாட்டேன். வஞ்சம் என்றுதான் சொல்ல வேண்டும். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். வயிறு நிறைந்து கண் சொருகின குழந்தையை அவன் கையில் வைத்தேன்.

"கொழந்தை பன்னெண்டுலதான் இருக்கணுமாம். ரூல்ஸ். நீங்க தூக்கிக்கினு போயி என் சீட்டுல உக்காருங்க. நான் இங்க உக்காந்துக்கிறேன்."

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அவரு பக்கத்துலியா?"

"ஆமா. அவரு பக்கத்துலதான்."

"ஏஞ்சலின், விளையாடாதீங்க. நான் இங்கியே நின்னுக்கிறேன். நாலு மணி நேரம்தான, நின்னுக்கினே வரேன்."

நிற்கிறானாம். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில், கையில் குழந்தையோடு, சீட்டு இருக்கும்போது நிற்கிறானாம். எனக்கு அவன் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் விமானம் குலுங்கியது. பெல்ட் விளக்கு எரிந்தது. எழில்மதி அவன் பின்னால் வந்து நின்றாள்.

"நிக்கக் கூடாது சார். குழந்தையோட பன்னெண்டுக்குப் போங்க, சீக்கிரம்."

போனான். ஆடுகிற விமானத்தில் ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு போனான். நான் பதினெட்டு ஈயில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்த்தேன். தீனதயாளனுக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவன் ஏதோ சொன்னான், அவர் ஏதோ சொன்னார். பின்னாலேயே போன எழில்மதி அவரிடம் கையைக் காட்டி எழுந்திருக்கச் சொன்னாள். எனக்குக் காலை மட்டும் மடக்கினவருக்கு, குழந்தையும் ஆளுமாக ஒருத்தன் உள்ளே போக வேண்டி இருந்ததால், எழுந்து நடைபாதையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. அமல் குனிந்து உள்ளே போனான். சேவியர்ராஜின் மகன் உள்ளே போவதற்காக அவர் எழுந்து நின்றார். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த என் மாமனார் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பார்த்திருந்தால் பயந்து போயிருப்பார், அது வேறு விஷயம்.

அப்புறம் எனக்கு நரை முடி ஒன்றும் கருப்பு முடி ஒன்றும் சீட்டுக்கு மேல் கொஞ்சமாகத் தெரிந்தன. அமலின் தலை முன்னால் தள்ளி இருந்தது. சீட்டு நுனியில் உட்கார்ந்திருக்கிறான். சாய்ந்து உட்காரடா, உன் சீட்டுடா அது என்று பல்லைக் கடித்தேன். பக்கத்தில் இருந்த வடநாட்டுப் பெண் என்னைப் பார்த்துவிட்டுத் தன் குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

இருபது நிமிஷம் இருக்கும். குலுக்கல் நின்றது. கருப்பு முடி மெல்லப் பின்னால் சாய்ந்து சீட்டுக்குள் மறைந்தது. குழந்தை தூங்கிவிட்டிருக்கும், அவனுக்குக் கை வலித்திருக்கும். பெல்ட் விளக்கு அணைந்த உடனே நரை முடி எழுந்தது. தீனதயாளன் நடைபாதையில் இறங்கி, கையில் பையோடு ஒவ்வொரு வரிசையாக நம்பர் பார்த்துக்கொண்டு வந்தார். பதினெட்டில் நின்றார்.

"ஏம்மா. இது என் சீட்டு."

"அங்க நல்லாத்தான உக்காந்துக்கினு இருந்தீங்க?"

"காலு நீட்ட தோதுப்படல."

நடைபாதையோரம் காலை நீட்ட முடியவில்லையாம், இரண்டு பேருக்கு நடுவில் நீட்டப்போகிறாராம். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்தேன். அவர் வடநாட்டுப் பெண்ணுக்கும் அந்தப் பக்கம் இருந்த தாடிக்காரருக்கும் நடுவில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணிடம் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று தமிழில் விசாரித்தார்.

நான் முன்னால் போனேன். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. அமலிடம் சொல்லுவதற்கு நாலு மணி நேரத்துக்கு வேண்டிய வார்த்தை என் வாயில் இருந்தது. நடைபாதை ஓரத்தில், காலியான சி சீட்டில் உட்கார்ந்தேன். அவன் நடுச் சீட்டில் ஜெனியை இடது கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"இன்னா சொன்னீங்க அவருகிட்ட? எழுந்து வந்துட்டாரு" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல."

"சும்மாவா எந்திரிச்சாரு?"

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பாப்பா தூங்கிடுச்சி. கை மரத்துப் போச்சி. கைமாத்தி வெச்சிக்கலாம்னு முழங்கைய இதுமேல வெச்சேன். அவரு கையும் இதுமேலதான் இருந்துச்சு, எனக்குத் தெரியல. பட்டுடுச்சி. மன்னிச்சிக்குங்க ஐயான்னு கூட சொன்னேன். அவரு கைய எடுத்துக்கினாரு. மடிச்சி விட்டிருந்த சட்டைக் கைய முழுக்க எறக்கி விட்டு, பித்தான் போட்டுக்கினாரு. அப்புறம் மேல அந்த லைட்டு அணையற வரைக்கும் அதையே பாத்துக்கினு இருந்தாரு."

இத்தனை நேரமும் அவன்மேல் கொட்ட வைத்திருந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கையிலிருந்து குழந்தையை வாங்கப் போனேன். அவன் கொடுக்கவில்லை. குழந்தையோடு எழுந்து நின்று பின்னால் திரும்பிப் பார்த்தான். ஆறு வரிசைக்குப் பின்னால் தீனதயாளன் பக்கத்து வீட்டுக்காரர் போல இரண்டு பேர் தோளோடும் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"அந்த ரெண்டு பேரும் யாரு எவருன்னு அவருக்குத் தெரியுமா?" என்று அமல் கேட்டான். "எந்தூரு, இன்னா ஆளுங்க, எதுனா தெரியுமா? அவங்களோட உக்காருவாரு. எங்கப்பன் முப்பது வருஷம் அவரு காட்டுல வெட்டனான். எங்கூட ஒரு அரை மணி நேரம் உக்கார முடியல."

குரலை அவன் இறக்கவே இல்லை. ஏழெட்டு வரிசைக்குக் கேட்டிருக்கும். ஜன்னல் ஓரத்துப் பையன்கூடக் கண் விழித்துப் பார்த்தான். மெதுவாகப் பேசுங்கள் என்று நான் சொல்லவில்லை.